அடையாளம்: மொட்டை

திருப்பதியில் ஆறு நாள் இருந்துவிட்டு மலை ஏறாமல் திரும்பியவள் என்று எங்கள் பள்ளியில் எனக்கு இப்போது ஒரு பெயர் இருக்கிறது. கொலை செய்தவளைக்கூட இவ்வளவு உற்றுப் பார்க்க மாட்டார்கள். நான் போனது தரிசனத்துக்கு அல்ல. வகுப்பில் அடங்கி உட்காராத பிள்ளைகள், எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளைகள், இவர்களை வைத்துக்கொண்டு எப்படிப் பாடம் நடத்துவது என்று ஆசிரியர்களுக்கு ஒரு வாரப் பயிற்சி. விருதுநகரிலிருந்து கிளம்பும் முன் ஆசிரியர் அறையில் அந்தப் பயிற்சியைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. லட்டு வேண்டியவர்களின் பட்டியல் மட்டும் ஒரு முழுத்தாளுக்கு வந்தது.

பிரின்சிபால் என்னை அனுப்பியதற்குக் காரணம் வேறு. என் நான்காம் வகுப்பில் தர்ஷினி என்று ஒரு பெண் இருக்கிறாள். பெஞ்சில் தொடர்ந்து ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் அதிசயம். நோட்டைக் கிழிப்பாள், மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள், ஏன் என்று கேட்டால் மின்விசிறியைப் பார்ப்பாள். எங்கள் பள்ளி அவளுக்கு மூன்றாவது பள்ளி. டி.சி. கொடுத்து அனுப்பிவிட நிர்வாகம் முடிவு செய்திருந்தது. சும்மா அனுப்பினால் கேள்வி வரும் என்பதால் ஒரு படிவம் தயாரானது. 'இந்த மாணவியைப் பொது வகுப்பில் வைத்திருக்க இயலாது' என்று வகுப்பாசிரியை விவரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"ட்ரெய்னிங் முடிச்ச டீச்சர் எழுதினா யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க. நீங்க திரும்பி வர்ற திங்கக்கிழமை ஃபார்ம் என் மேசையில இருக்கணும்" என்றார் பிரின்சிபால். வந்ததும் எனக்கு ஒருங்கிணைப்பாளர் பொறுப்பு என்றும் ஒரு பேச்சு இருந்தது.

தர்ஷினியின் அம்மா தையல் வேலை செய்பவர். கிளம்புவதற்கு முந்தின நாள் பள்ளி வாசலில் என்னை நிறுத்தினார். "இங்கயும் வேணாம்னுட்டா இவள நான் வீட்டோட வச்சுக்க வேண்டியதுதான் டீச்சர்" என்றார். பார்க்கலாம்மா என்றேன். மறைக்காமல் சொல்கிறேன், அவள் போனால் எனக்கு நிம்மதி. படிவத்தையும், மூன்று மாதமாக அவள் செய்த குற்றங்களை எழுதி வைத்திருந்த நடத்தை நோட்டையும் பெட்டியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை. எனக்குத் திருச்சானூரில் அறை. பயிற்சி நடந்தது திருப்பதி ஊருக்குள். ஷேர் ஆட்டோக்காரரிடம் பயிற்சி மையத்தின் பெயரை மூன்று முறை சொன்னேன். அவர் மூன்று முறையும் தலையாட்டிவிட்டு, எதிர்த்திசையில் போய்ப் பத்மாவதி தாயார் கோயில் வாசலில் இறக்கிவிட்டார். கையில் பையோடு தமிழ் பேசும் நடுவயதுப் பெண்ணுக்கு வேறு எங்கே போக வேலை இருக்கும் என்பது அவருடைய நியாயம். முதலில் தாயாரைப் பார்த்துவிட்டுத்தான் மலைக்குப் போக வேண்டும் என்று தெலுங்கில் எனக்கு முறை வேறு சொல்லிக் கொடுத்தார். நாற்பது நிமிடம் தாமதமாக மையத்துக்குப் போனேன். என்னுடைய பள்ளியில் பத்து நிமிடம் தாமதமானால் வாசலில் நிற்க வைப்போம்.

இங்கே நிற்க வைக்கவில்லை, ஏனென்றால் எனக்குப் பிறகும் ஆறு பேர் வந்தார்கள். முப்பது ஆசிரியர்கள் மாணவர்களாக உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதை அன்று பார்த்தேன். கடைசி வரிசைக்கு அடிதடி. முன்னால் இருந்தவர் ஃபோனில் நிலத்தகராறு பேசினார். இருவர் ஒருவரையொருவர் பார்த்து எழுதினார்கள். இத்தனைக்கும் எழுதச் சொன்னது அவரவர் பெயரை. பயிற்சியாளர் பத்மஜா மேடம் தெலுங்குக்காரர், வேலூரில் படித்ததால் தமிழும் பேசுவார். எல்லாவற்றையும் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பரவாயில்லை, எனக்கு வகுப்பு தயாராக இருக்கிறது" என்றார்.

என்னோடு ஜோடி சேர்க்கப்பட்டவர் முனிரத்தினம் சார். பிச்சாட்டூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம், அரசுப் பள்ளி ஆசிரியர். பல தலைமுறையாக ஆந்திராவில் இருக்கும் தமிழர். "வூட்ல தமிழு, ஸ்கூல்ல தெலுகு, சண்டன்னா ரெண்டும்" என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். அடுத்த கேள்வியே, "மேடம், டிபன் துன்னாச்சா? இல்லன்னா வாங்க, போய்க்கினே பேசலாம்." நான் போய் உட்கார்ந்து பதினைந்து நிமிடம்தான் ஆகியிருந்தது.

மதியம் அவர் கூட்டிப்போன சாப்பாட்டுக் கடையில் இலை போட்டதும் ஒரு பொடி, அதன் தலையில் நெய். நான் எங்கள் ஊர் இட்லிப்பொடி என்று நினைத்து ஒரு கைப்பிடி சோற்றுக்குத் தாராளமாகப் போட்டுப் பிசைந்தேன். இரண்டு காதும் அடைத்துக்கொண்டன. அடுத்த பந்திக்குக் காத்து நின்றவர், "தமிழ்நாட்டுக்காரங்க போல, பாவம், மோர் ஊத்துங்க" என்று தெலுங்கில் பரிமாறுபவரிடம் சொன்னாராம். முனிரத்தினம் சார்தான் மொழிபெயர்த்தார், சிரித்து முடித்த பிறகு. கோங்குரா என்கிற புளிச்சகீரை ஊறுகாய், பருப்பு, மறுபடி பொடி என்று அவர் மூன்று சுற்று வந்தார். எங்கள் ஊரில் எண்ணெயில் பொரித்த பரோட்டாவைக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடும் நான் தயிர்சாதத்தில் சரணடைந்தேன்.

செவ்வாய்க்கிழமை பத்மஜா மேடம் வேலையைத் தொடங்கினார். உங்களைப் படுத்தும் ஒரு பிள்ளையைப் பற்றி அரைப்பக்கம் எழுதுங்கள் என்றார். எனக்கு அரைப்பக்கம் போதவில்லை. அடங்காதவள், முரட்டுத்தனம், கவனம் துளியும் இல்லை, ஒத்துழைப்பதில்லை, வேண்டுமென்றே செய்கிறாள். மேடம் சிவப்புப் பேனாவோடு வந்தார். "அடங்காதவள், இதைப் பார்க்க முடியுமா? எங்கே இருக்கிறது, கையிலா காலிலா?" என்று கேட்டு அடித்தார். "வேண்டுமென்றே. உள்ளே போய்ப் பார்த்தீர்களா?" அதையும் அடித்தார். கண்ணால் பார்த்ததை மட்டும், நேரத்தோடு எழுத வேண்டும் என்பது அவருடைய சட்டம். கடைசியில் என் தாளில் மிஞ்சியது தேதியும் 'மாணவி' என்ற சொல்லும்தான். பதினெட்டு வருடம் ராங்க் கார்டில் குணநலன் எழுதிய கை இது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தேநீர் இடைவேளையில் அந்தம்மாவைப் பற்றி முனிரத்தினம் சாரிடம் நான் பேசியவை எல்லாமே மேடம் அடிக்கக்கூடிய சொற்கள்.

புதன்கிழமை களப்பணி. சித்தூரில் ஒரு சின்னப் பள்ளி. ஆளுக்கொரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, வகுப்பின் பின்சுவரை ஒட்டி உட்கார்ந்து, நாள் முழுக்கக் கவனித்து எழுத வேண்டும். வியாழன் அந்தப் பள்ளிக்கு உள்ளூர் விடுமுறை. வெள்ளி மறுபடி வந்து மீதியைக் கவனிக்க வேண்டும். பிள்ளையின் பெயரை எழுதக் கூடாது, கேட்கவும் கூடாது. அது அந்தக் குடும்பத்தின் ரகசியம். பெயருக்குப் பதில் ஓர் அடையாளம் எழுதிக்கொள்ளலாம்.

அதிகாலைப் பேருந்தில் பனிக்குக் காதைக் கட்டிக்கொண்டு போனோம். வழியில் ஒரு கடையில் முனிரத்தினம் சார் ராகி சங்கடி வாங்கிக் கொடுத்தார். நம் களிதான். உருண்டையாக, கைப்பந்து அளவுக்கு, கூட நிலக்கடலைச் சட்னி. "எங்க நைனா இத்த துன்னுதான் தொண்ணூறு வயசுலயும் ஏர் ஓட்டினாரு" என்றார். நான் பாதி உருண்டைதான் சாப்பிட்டேன். மதியம் வரை எழுந்து நிற்கவே மனம் வரவில்லை. போதாக்குறைக்கு எங்கள் பேருந்து ஊருக்குள் நுழையாமல் புறவழிச்சாலையில் எங்களை உதிர்த்துவிட்டுப் போய்விட்டது. அங்கிருந்து பள்ளிக்கு நானும் முனிரத்தினம் சாரும் ஒரு மாம்பழக்கூழ் லாரியில் முன்சீட்டில் போனோம். இறங்கும்போது ஓட்டுநர், "தரிசனம் நல்லா ஆச்சா அம்மா?" என்று கேட்டார்.

இரண்டாம் வகுப்பு. லாவண்யா டீச்சர் என்று ஓர் இளம்பெண் தெலுங்கும் தமிழும் கலந்து பாடம் நடத்தினார். கடைசி பெஞ்சில், எனக்கு நேர் முன்னால், மொட்டை போட்டு மண்டை முழுக்கச் சந்தனம் பூசிய ஒரு பெண் குழந்தை. உட்கார்ந்த பத்து நிமிடத்தில் பெஞ்சில் ஏறி நின்றாள். தண்ணீர் பாட்டிலைப் பக்கத்துப் பையில் கவிழ்த்தாள். அடுத்தவளின் தாளைக் கிழித்து வாயில் போட்டு மென்றாள். எனக்குப் பழக்கப்பட்ட காட்சி. மனசுக்குள் தர்ஷினியே வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது. இவள்தான் என் பிள்ளை என்று முடிவு செய்து, தாளின் தலைப்பில் எழுதினேன்: அடையாளம், மொட்டை.

திருப்பதி மாவட்டத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு பிள்ளைக்கு மொட்டை என்று அடையாளம் எழுதியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அப்போது அது தோன்றவில்லை.

முனிரத்தினம் சார் சும்மா இருக்கிற பிள்ளையாகப் பார்த்து எடுத்துக்கொண்டார். இரண்டாவது பெஞ்சில் இரட்டைச் சடையோடு ஒரு பெண். கேட்டால் பேசுவதில்லை, எழுதச் சொன்னால் எழுதுவாள், அவ்வளவுதான். "நமக்கு இது போதும் மேடம். உக்காந்த எடத்துல வேல" என்றார். அவருடைய தாளில் அடையாளம், இரட்டைச் சடை.

மாலையில் நாங்கள் ஆளுக்கொரு யோசனை வகுப்பாசிரியையிடம் சொல்லிவிட்டு வர வேண்டும். நான் லாவண்யா டீச்சரிடம் பதினெட்டு வருட அனுபவத்தோடு சொன்னேன்: "அந்த மொட்டைப் பொண்ண ரெண்டாவது பெஞ்சுக்கு மாத்துங்க. நோட்டு குடுக்கற வேலைய அவகிட்ட குடுங்க." அவர் தலையாட்டினார். ஒன்பது பிள்ளைகள் அவர் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

வியாழன் நாள் முழுக்கத் திருப்பதியில் வகுப்பு. மாலை திருச்சானூர்க் கடைத்தெருவில் வளையல் பார்த்தேன். ஒரு கடைக்காரர் தமிழில், "மலையில கூட்டமா?" என்று கேட்டார். நான் போகவே இல்லை என்றதும், விலையைக் குறைத்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டார். அன்று சாலையில் எந்தப் பக்கம் பார்த்தாலும் புது மொட்டைகள். குடும்பம் குடும்பமாக, அப்பா, பிள்ளை, கைக்குழந்தை எல்லாரும் சந்தன மண்டையோடு வரிசையாகப் போனார்கள். விடுமுறை கிடைத்தால் இந்தப் பக்கத்துக்காரர்கள் என்ன செய்வார்கள் என்பது என் கண் முன்னால் நடந்து போனது. நான் வளையல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை வகுப்புக்குள் நுழைந்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது. மொட்டை இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் சொன்னபடியே! கை கட்டி, நேராக, அசையாமல். லாவண்யா டீச்சர் ஏதோ எழுதச் சொன்னார், எழுதினாள். பின்சுவரிலிருந்து எனக்கு அவள் மண்டை மட்டும்தான் தெரிந்தது. இரண்டு நாள் ஆகியும் சந்தனம் ஈரம் காயாமல் பளிச்சென்று இருந்தது. நல்ல சந்தனம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒன்பது ஐந்து, எழுதுகிறாள். ஒன்பது இருபது, எழுதுகிறாள். பத்து மணி, கை கட்டியிருக்கிறாள். ஒரு யோசனை, ஒரே நாளில் பிள்ளை மாறிவிட்டது! ஒருங்கிணைப்பாளர் நாற்காலி எந்தப் பக்கம் சுழலும் என்றுகூட நினைத்துப் பார்த்தேன்.

எனக்கு நேர் முன்னால், கடைசி பெஞ்சில், பனிக்குக் கம்பளிக் குல்லா போட்ட ஒருத்தி பெரிய தொல்லையாக இருந்தாள். பெஞ்சில் ஏறி நின்று என் பார்வையை மறைத்தாள். இரண்டு முறை தோளைப் பிடித்து நகர்த்தி உட்கார வைத்தேன். மூன்றாவது முறை அவள் எறிந்த டஸ்டர் முனிரத்தினம் சாரின் தோளில் பட்டது. "யார் கேஸோ, பாவம்" என்று அவர் காதில் சொன்னேன். அவர் தன் பிள்ளையைக் காணாமல் கவலையில் இருந்தார். "ரெட்டச் சட வரல மேடம். ஜொரமோ இன்னாவோ" என்று சொல்லி, முழு நாளுக்கும் சேர்த்து 'வரவில்லை' என்று ஒரே வரி எழுதிவிட்டு, லேசாகக் கண் மூடினார்.

சனிக்கிழமை மையத்தில் அறிக்கை வாசிப்பு. லாவண்யா டீச்சரையும் அழைத்திருந்தார்கள். முனிரத்தினம் சார் எழுந்து புதன்கிழமைக் கதையைச் சொல்லி, வெள்ளி வரவில்லை என்று முடித்தார். அடுத்து நான். புதன் இப்படி, என் யோசனை இப்படி, வெள்ளி இப்படி என்று நேரத்தோடு வாசித்தேன். ஓர் அடைமொழிகூட இல்லை. கைதட்டல் நன்றாகவே விழுந்தது.

லாவண்யா டீச்சர் தயங்கித் தயங்கி எழுந்தார். "மன்னிச்சிடுங்க மேடம். நான் யாரையும் இடம் மாத்தவே இல்ல, மறந்துட்டேன். ரெண்டாவது பெஞ்ச் மொட்ட, சாரோட ரெட்டச் சட. லீவுல மலைக்குப் போய் முடி குடுத்துட்டு வந்துச்சு. அந்தப் பாப்பா எப்பவும் அப்படித்தான் உக்காரும்."

"அப்ப என் மொட்டை?" என்றேன்.

"குல்லா போட்டுக்கினு உங்க முன்னாடியேதான மேடம் இருந்துச்சு. நீங்க கூட ரெண்டு வாட்டி நகத்தினீங்களே."

அரங்கம் குலுங்கியது. நிலத்தகராறுக்காரர் ஃபோனை வைத்துவிட்டுச் சிரித்தார். முனிரத்தினம் சார் தோளைத் தடவிக்கொண்டு, "ஆயிரம் சொல்லுங்க மேடம், உங்க கேஸுதான் என்ன அடிச்சுது" என்றார். நாள் முழுக்கக் கண்ணெதிரில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு ஆப்சென்ட் போட்டவர் அவர், அவருக்கு வெட்கமே இல்லை. எனக்கும் சிரிப்பு வந்தது. வேறு வழியும் இல்லை.

பத்மஜா மேடம் மட்டும் சிரிக்கவில்லை. மதியத்துக்குப் பிறகு, அவரவர் ஊரில் உள்ள பிள்ளையின் பழைய குறிப்புகளை எடுத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'பார்த்தேன்' அல்லது 'பார்க்கவில்லை' என்று எழுதச் சொன்னார். நான் தர்ஷினியின் நடத்தை நோட்டைத் திறந்தேன். எளிதான வேலை என்றுதான் நினைத்தேன்.

முதல் குறிப்பு: கணித வகுப்பில் சத்தமிட்டாள். அப்போது நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். பின்னால் சத்தம் கேட்டால் திரும்பாமலேயே "தர்ஷினி!" என்று கத்துவது என் வழக்கம். முதுகில் கண் உள்ள டீச்சர் என்று பிள்ளைகள் சொல்வார்கள், எனக்கு அதில் பெருமை. ஆக, பார்க்கவில்லை. அடுத்தது, டப்பாவைத் தட்டிவிட்டாள். அதுவும் பலகைப் பக்கம் நின்றபோதுதான். பார்க்கவில்லை. அடுத்தது பி.டி. சார் சொன்னது. அடுத்தது லீடர் பெண் சொன்னது. பக்கம் பக்கமாகப் புரட்டினேன். நோட்டு முழுவதற்கும் நான்கே இடத்தில்தான் 'பார்த்தேன்' என்று எழுத முடிந்தது.

ஒரு தேதியில் ஏதோ உறுத்தியது. வருகைப்பதிவு ஃபோனில் இருக்கிறது, எடுத்துப் பார்த்தேன். 'பாட நேரத்தில் ஊளையிட்டாள், பலமுறை எச்சரிக்கப்பட்டாள்' என்று நான் எழுதியிருந்த அன்று தர்ஷினிக்குக் காய்ச்சல். பள்ளிக்கே வரவில்லை. இல்லாத பிள்ளையை நான் பலமுறை எச்சரித்திருக்கிறேன். அன்று ஊளையிட்டது யாரோ, அந்தப் பிள்ளை இன்னும் ஊளையிட்டுக்கொண்டிருக்கும், தர்ஷினியின் கணக்கில்.

வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. பயிற்சிக்கு வராமல் இருந்திருந்தால் இந்நேரம் கையெழுத்துப் போட்டு, அந்தப் பெண்ணை வீட்டோடு முடக்கியிருப்பேன். நல்ல தெளிவான கையெழுத்து எனக்கு.

சான்றிதழை வாங்கிக்கொண்டு வெளியே வந்து பிரின்சிபாலைக் கூப்பிட்டேன். தேதியையும் காய்ச்சலையும் சொன்னேன்.

"அந்த ஒரு நாள அடிச்சிடுங்க டீச்சர். மீதிய வச்சுக்கலாம்."

"மீதியும் அப்படித்தான் மேடம். நான் திரும்பிப் பாக்கவே இல்ல."

"அப்ப ஃபார்ம்ல என்னதான் எழுதப் போறீங்க?"

"நாலு எடத்துல பார்த்தேன்னு. மிச்ச எல்லா எடத்துலயும் பார்க்கவில்லைன்னு. அவ வராத நாளையும் எழுதி, கீழ கையெழுத்துப் போடறேன்."

"இத நான் நிர்வாகத்துக்கு எப்படி அனுப்பறது? படிச்சா, தப்புப் பண்ணினது நீங்கன்னுல்ல இருக்கும்" என்றார்.

"ஆமா மேடம். டீச்சருக்குன்னு தனியா ஒரு ஃபார்ம் இருந்தா குடுங்க. அதையும் நெரப்பித் தர்றேன்."

அவர் ஃபோனை வைத்துவிட்டார். திருச்சானூர் அறையில் உட்கார்ந்து அன்றே படிவத்தை நிரப்பினேன். திங்கட்கிழமை அது பிரின்சிபாலின் மேசையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு யாரையும் வெளியே அனுப்ப முடியவில்லை. ஒருங்கிணைப்பாளர் பொறுப்பு பி.டி. சாருக்குப் போய்விட்டது, அவர் விசில் ஊதி ஒருங்கிணைக்கிறார். தர்ஷினியின் அம்மாவிடம் அந்த நோட்டைக் காட்டி, எது நான் பார்க்காதது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "காய்ச்சல் அன்னிக்குக்கூடவா டீச்சர்?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன்.

நேற்று தர்ஷினி பக்கத்துப் பெண்ணின் ஸ்கேலை இரண்டாக உடைத்தாள். நான் பார்த்தேன். அதற்கு முன்னால் அந்தப் பெண் என்ன செய்தாள் என்பதையும் பார்த்தேன்.